"எனக்கு இந்த வேலை சரிப்படாது மேடம்"

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. நான் தலைமையாசிரியை, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் என்னிடம். ஜூனில் புதிதாக வந்த ஆசிரியைக்கு ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் நிற்கிறாள். நேற்று, "எனக்கு இந்த வேலை சரிப்படாது மேடம்" என்று அழுதாள். வகுப்பில் போய் உட்கார்ந்தால், ஆய்வு செய்ய வந்ததாக நினைத்துப் பயப்படுகிறாள். என்ன செய்யட்டும்?
– ஒரு தலைமையாசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்: உங்களிடம் வந்து அழுதாரே, பாதிக் கவலை விட்டது. சொல்லாமலே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அது தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. இதில் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று வேறு பிரிக்க வேண்டும். பாடம் நடத்த அவருக்குத் தெரியும். அரும்புக் குழுவோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு குழுவையும் எதில் மூழ்க வைப்பது என்பதுதான் பிடிபடவில்லை. அதனால் கத்துகிறார், தொண்டை போகிறது.

நீங்கள் அவரைப் பார்க்கப் போகாதீர்கள். அவர் உங்களைப் பார்க்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, தினம் அரை மணி நேரம் அவருடைய அறையை நீங்கள் நடத்துங்கள். அவர் ஓரமாக உட்காரட்டும். நோட்டை யார் எடுத்துக் கொடுப்பது, முதலில் முடித்த பிள்ளை அடுத்து எங்கே போவது, ஒருத்தன் ஒன்றுக்குப் போகக் கேட்டதும் ஒன்பது பேர் எழுந்தால் என்ன செய்வது... பயிற்சி நிறுவனத்தில் கிடைக்காத சங்கதிகள் இவை. உங்களுக்கே இவை தெரியும் என்பது மறந்திருக்கும், அத்தனை பழகியிருக்கும்.

இரண்டு வாரம் போகட்டும். பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும். "நான் ஒன்றாம் வகுப்போடு இருக்கும்போது மூன்றாம் வகுப்பு என்ன செய்கிறது?" என்று கேட்டால் அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கையில் நோட்டு வேண்டாம், நோட்டைக் கண்டாலே அது ஆய்வுதான்.

இன்னொன்று. சின்ன வயசு, செல்போன் நன்றாக வரும் என்று எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் எல்லாம் அவர் தலையில்தானே இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்! காலாண்டு வரை அவற்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தன் வகுப்பு வருகைப் பதிவு மட்டும் அவரிடம் இருந்தால் போதும். "நாங்களெல்லாம் அந்தக் காலத்தில்" என்று வாய்வரை வந்தாலும் விழுங்கிவிடுங்கள்.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், இதே மாதிரி மூன்று வகுப்பை ஒன்றாக வைத்திருக்கும் வேறு இளம் ஆசிரியையோடு பழக்கிவிடுங்கள். சில புலம்பல்களைத் தலைமையாசிரியரிடம் புலம்ப முடியாது.

வேலையை விடும் பேச்சுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம், காலாண்டு விடுமுறைக்குப் பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடுங்கள். தொண்டைக் கட்டு இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். அன்றைக்கு ஒருநாள் ஐந்து வகுப்பும் உங்கள் பாடு.