ஆடாதவருக்கு டிவி வர்ணனை கிடைக்குமா?

மாவட்ட அணியில்கூட ஆடியதில்லை, இன்ஜினியரிங் படிக்கிறேன், கிரிக்கெட் வர்ணனையாளர் ஆகும் ஆசையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதற்கு விட வேண்டும்? பிரபல கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங், பிறகு அகமதாபாத் ஐஐஎம். இந்தியாவுக்கு ஆடியவர் இல்லை. ஹைதராபாத் வானொலியில் 19 வயதிலேயே மைக் பிடித்துவிட்டார்.

ஆனால் நீங்கள் போட்டிருக்கும் குரல் பதிவு இடிக்கிறது. "ஓடி வருகிறார், வீசினார், கவர் திசையில் அடித்தார்" என்பதெல்லாம் ரேடியோவுக்குச் சரி. டிவியில் அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! பாயின்ட் ஃபீல்டரை ஏன் எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லுங்கள். சொல்ல ஒன்றுமில்லையா, சும்மா இருங்கள். வீரராக இருந்து வர்ணனையாளரான ரிச்சி பெனோ இப்படிச் சும்மா இருப்பதில் மன்னன். அவரே ஆஸ்திரேலியாவுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 1956-ல், பிபிசியில் பயிற்சி எடுத்துக்கொண்டவர்.

அப்புறம், கிரிக்கெட்டையே பிடித்துத் தொங்காதீர்கள். முன்னாள் வீரர்கள் வரிசை கட்டி நிற்கும் இடம் அது. ஊர்க் கபடிப் போட்டியில் மைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் செய்ய இன்னொரு பயிற்சி: நீங்கள் பேசும்போதே நண்பரை இயர்போனில் பேசச் சொல்லுங்கள். நேரலையில் தயாரிப்பாளர் காதில் "விளம்பரத்துக்குப் பத்து நொடி" என்பார், உங்கள் வாக்கியம் தடுமாறக் கூடாது.