எம்.பி.க்கு போன் போட்டால் மருத்துவ நிதி வெட்டு நின்றுவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் மக்கள் பிரதிநிதிகளுக்குப் போன் செய்வதாலும், தட்டி பிடித்து நிற்பதாலும் மருத்துவ நிதி வெட்டு உண்மையிலேயே நிற்கிறதா? அல்லது மனத்திருப்திக்காகச் செய்வதா?

ஒரு தடவை நின்றது. ஒரு தடவை நிற்கவில்லை. இரண்டு தடவையும் போன் போட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், எக்ஸ்டன் பக்கம். மகனுக்கு செரிப்ரல் பால்சி. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ராத்திரியில் சளி கட்டினால் உறிஞ்சி எடுக்க ஒருவர் முழித்திருக்க வேண்டும். கணவரின் ஆபீஸ் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறது, ஆனால் வீட்டுக்கு வரும் நைட் நர்ஸுக்குக் காசு தராது. அந்தப் பணம் மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து வருகிறது.

மெடிக்கெய்ட் ஏழைகளுக்கானது ஆச்சே, ஐ.டி. சம்பளக்காரர் வீட்டுக்கு எப்படி என்று கேட்பீர்கள். இந்த மாநிலத்தில் பி.எச்.-95 என்று ஒரு பிரிவு உண்டு. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை என்றால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மகன் இங்கே பிறந்த குடிமகன். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க முடிந்ததே இல்லை. "ஏன், அங்கே ஜி.ஹெச். கிடையாதா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2017-இல் ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவரக் குடியரசுக் கட்சியினர் முயன்றார்கள். செய்திகளில் இன்சூரன்ஸ் பற்றித்தான் பேச்சு. எங்களுக்கு விஷம் உள்ளே வேறொரு பக்கத்தில் இருந்தது. அதுவரை மெடிக்கெய்டுக்கு மாநிலம் எவ்வளவு செலவழித்தாலும் அதில் ஒரு பங்கை வாஷிங்டன் கொடுத்துவந்தது. பென்சில்வேனியாவுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல். புது மசோதா இதைத் தலைக்கு இவ்வளவு என்று கட்டிப்போட்டது. செலவு அதைத் தாண்டினால் மிச்சம் மாநிலத்தின் தலையில். பி.எச்.-95 மாதிரியானவை சட்டக் கட்டாயம் இல்லாமல் மாநிலம் தானாகக் கொடுப்பவை. கையைக் கடித்தால் கத்தி முதலில் எங்கே விழும்?

அப்போது நான் ஹெச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவை ஒட்டி வரும் விசாவில் இருந்தேன். ஓட்டு கிடையாது. தமிழ்ப் பள்ளி வாசலில் தோழி ஒருத்தி சொன்னாள்: "விசால இருக்கிற நமக்கு எதுக்குடி இந்த வம்பு?" நியாயமான பயம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் எம்.பி. அலுவலகத்தில் போன் எடுத்த பையன் கேட்டது பெயரும் ஸிப் கோடும் மட்டும். அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும்.

முதல் போன் படுமோசம். எழுதிவைத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். எங்கள் பெற்றோர் குழுவில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி உண்டு, மகள் சக்கர நாற்காலியில் வளர்ந்தவள். அவர்தான் திருத்தினார். "ஹெல்த் கேர் என்று ஆரம்பிக்காதே, அதை ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நர்ஸ் வராத ராத்திரி என்ன நடந்தது, அதைச் சொல். ஐந்து வாக்கியம் போதும்." அடுத்த போனில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

எங்கள் தொகுதிக்காரர் ரையன் காஸ்டெல்லோ, குடியரசுக் கட்சி. மார்ச்சில் கமிட்டியில் மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். மே 4 அன்று பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டார். என் போனால்தான் மாறினார் என்று மார்தட்ட மாட்டேன். 2016-இல் அதே தொகுதியில் ஹிலரி கிளின்டன் மயிரிழையில் முந்தியிருந்தார், அந்தப் பயம் அவருக்கு இருந்திருக்கும். பயம் இருக்கிற இடத்தில்தான் போன் வேலை செய்கிறது. நான் கண்டது இவ்வளவுதான்.

அப்படியும் மசோதா 217-213 என்று சபையில் தேறிவிட்டது. செனட்டில் எங்கள் மாநிலத்து பாட் டூமி கடைசிவரை மசோதா பக்கம் நின்றார். அவர் அலுவலகங்களுக்கு வெளியே வாராவாரம் செவ்வாய்க்கிழமை கூட்டம் கூடும். பிலடெல்பியாவில் இரண்டு வாரம் நானும் போய் நின்றேன். அவர் அசையவில்லை. ஜூன் 22 அன்று வாஷிங்டனில், செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மெக்கானல் அலுவலகத்துக்கு வெளியே அடாப்ட் அமைப்பின் மாற்றுத்திறனாளிகள் தரையில் படுத்தார்கள். 43 பேர் கைது. நாற்காலியிலிருந்து போலீஸ் தூக்கிக்கொண்டு போன படத்தை நாடே பார்த்தது. ஜூலை 28 விடிகாலையில் காலின்ஸ், மர்கவ்ஸ்கி, மெக்கெய்ன் என்ற மூன்று குடியரசுக் கட்சிக்காரர்கள் எதிர்த்ததால் கடைசி வடிவமும் 49-51 என்று விழுந்தது. நாங்கள் வாரக்கணக்கில் இடித்த கதவு திறக்கவே இல்லை. திறந்தது மெய்ன், அலாஸ்கா, அரிசோனா கதவுகள்.

2025 வேறு கதை. மெடிக்கெய்டை வெட்ட மறுபடி ஒரு மசோதா வந்தது. இப்போது எங்கள் தொகுதி எம்.பி. ஜனநாயகக் கட்சி, மசோதாவை ஏற்கெனவே எதிர்ப்பவர். அவருக்குப் போன் போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. மசோதாவையும் இந்தத் தடவை சாமர்த்தியமாக நெய்திருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்ற கட்டு இல்லை. வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ காட்ட வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு என்றார்கள். எங்கள் குழுவிலேயே பாதிப்பேர் "நமக்கில்லை" என்று உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அதில்தான் கோபம். வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களில் எத்தனையோ பேருக்கு மெடிக்கெய்ட்தான் இன்சூரன்ஸ்.

விலக்கு என்பதும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டிய சங்கதி. 2018-இல் ஆர்கன்சாவில் இதே மாதிரி விதி வந்தபோது சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். வேலை செய்துகொண்டே படிவம் போடாமல் விழுந்தவர்களும் அதில் உண்டு. எங்களுக்கே ஒரு தடவை புதுப்பிப்புப் படிவம் எங்கோ தொலைந்து மூன்று வாரம் நர்ஸ் இல்லை. நானும் கணவரும் முறைபோட்டு முழித்தோம். இந்த வேலை விதி அமலுக்கு வரக் கடைசிக் கெடு 2027 ஜனவரி. நடுவில் 2026 நவம்பர் தேர்தல். வலி தெரிவதற்கு முன் ஓட்டு முடிந்துவிடும், அதனால் பயந்தவர்கள் குறைவு. செனட்டில் துணை ஜனாதிபதியின் ஓட்டோடு 51-50, சபையில் 218-214. ஜூலை 4 அன்று சட்டமாகிவிட்டது.

அன்றைக்கு வம்பு என்று சொன்ன தோழி இப்போது பக்ஸ் கவுண்ட்டியில் வீடு வாங்கிப் போய்விட்டாள். அங்கே பிரையன் பிட்ஸ்பாட்ரிக் எம்.பி., குடியரசுக் கட்சி. மே மாதம் சபையில் நடந்த முதல் ஓட்டெடுப்பில் மசோதாவை ஆதரித்தவர். ஜூன் கடைசியில் அவளே என்னைக் கூப்பிட்டாள்: "அந்த அஞ்சு வாக்கியம் எப்படிச் சொல்லணும், சொல்லு." அவளுக்கும் ஒரு கதை இருந்தது, அது அவள் வீட்டு விஷயம். நான் பக்கத்தில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். மூன்றாவது வாக்கியத்தில் குரல் உடைந்து தமிழ் வந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண் பொறுமையாக, "டேக் யுவர் டைம், மேம்" என்றாள். ஜூலை 3 அன்று அந்த எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போட்டார், அவர் கட்சியில் அப்படிப் போட்ட இரண்டே பேரில் ஒருவர். அன்றைக்கு ராத்திரி தோழி மெசேஜ் அனுப்பினாள்: "தமிழ்ல பேசினதாலதான்டி!"