கடனை அடைக்கவா, கையில் வைக்கவா? மும்பை வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். இருக்கிற பணத்தைக் கடனில் போடுவதா, ஆபத்துக்கு என்று எடுத்து வைப்பதா? கடன் எவ்வளவு என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வட்டி எத்தனை சதவீதம் என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு வேண்டியது அதுதான் என்று எத்தனை முறை சொல்வது!

கிரெடிட் கார்டில் 1.8 லட்சம் பாக்கி. மினிமம் டியூவை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. 2.5 லட்சம் எஃப்டி இருக்கிறது, அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்திருக்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 55,000. சரியாகத்தானே செய்கிறேன்? (வாசகர், செம்பூர்)

இல்லை. கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1.8 லட்சத்துக்கு 6,300 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ஆக மாதம் 7,400 போகிறது. எஃப்டி உங்களுக்கு மாதம் 1,400 ரூபாய் கொடுத்தால் பெரிது. 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்ற நினைப்புக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் கட்டுகிறீர்கள்.

மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் (கடன் மதிப்பெண்) கெடாது, அவ்வளவுதான். பாக்கி முழுவதும் தீராத வரை, நேற்று வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எஃப்டியை உடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு அரை சதவீதமோ ஒரு சதவீதமோ வட்டியில் பிடிப்பார்கள், அதைப் பார்க்காதீர்கள். கார்டை ஒரே தடவையில் முடித்தால் கையில் 70,000 மிஞ்சும். ஒரு மாதச் செலவுக்கு அது போதும். இதுவரை மினிமம் டியூவாகப் போன ஒன்பதாயிரத்தை அடுத்த மாதத்திலிருந்து ஆர்டியில் (மாதாமாதம் கட்டுகிற வங்கிச் சேமிப்பில்) போடுங்கள்.

மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு மாதச் செலவு கையில், மீதி எல்லாம் கார்டுக்கு. கார்டு தீர்ந்த பிறகுதான் மூன்று மாதம், ஆறு மாதம் என்ற பேச்சு.

கொஞ்சம் கடன் இருக்கிறது, கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. எதை முதலில் கவனிப்பது? (வாசகர், டோம்பிவிலி)

கொஞ்சம் விவரம் எழுதுவதை முதலில் கவனியுங்கள்.

என் வீட்டுக்காரர் சைக்கிளில் இட்லி வியாபாரம். தண்டலுக்கு 20,000 வாங்கினால் 18,000தான் கையில் தருவார்கள். தினம் 200 ரூபாய், 100 நாள். ஒன்று முடிவதற்குள் அடுத்ததை வாங்கிவிடுகிறோம். இதில் எங்கே சேமிப்பது? (வாசகி, தாராவி)

உங்கள் கடிதம்தான் இந்த முறை வந்ததிலேயே தெளிவானது. கணக்கு முழுவதும் இருக்கிறது.

2,000 ரூபாய் வட்டி என்று பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்களிடம் இருப்பது 9,000 ரூபாய்தான். 9,000க்கு நூறு நாளில் 2,000 என்றால் வருடத்துக்கு 80 சதவீதம். கிரெடிட் கார்டே இதில் பாதிதான்.

நீங்கள் தினம் 200 ரூபாய் தவறாமல் எடுத்து வைக்கிறீர்கள். அதைத் தண்டல்காரர் வந்து வாங்கிப் போகிறார். இப்போது ஓடுகிற தண்டல் முடிந்ததும் அடுத்ததை வாங்காமல், அதே 200ஐ உங்கள் வங்கிக் கணக்கில் போடுங்கள். தினம் வங்கிக்குப் போக முடியாது என்றால் வாரம் ஒருமுறை. மூன்று மாதத்தில் 18,000 சேர்ந்துவிடும். சரக்குக்குப் பணம் இல்லாமல் அந்த மூன்று மாதம் எப்படி ஓட்டுவது என்று கேட்பீர்கள். அதற்குத் தெருவோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி கடன் இருக்கிறது. முதலில் 15,000 வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, அப்புறம் 50,000. சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள், தவணை தவறாமல் கட்டினால் வருடத்துக்கு ஏழு சதவீதம் வட்டி மானியமாகத் திரும்ப வரும். வியாபாரிச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்று மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். இதற்கு இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் நடக்கிற பிஷியில் (சீட்டில்) ஆபத்துப் பணத்தைப் போட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டிய அன்றைக்குப் பிஷி உங்கள் பெயருக்கு விழாது.

ஒவ்வொரு வருடமும் கஷ்டப்பட்டு 60, 70 ஆயிரம் அவசரத்துக்கு என்று சேர்த்துவிடுகிறேன். மே மாதம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்வந்து, ஜூனில் பள்ளிக் கட்டணமும் கட்டினால் துடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. போன ஜூலையில் பையனுக்கு டெங்கு. 48,000 பில்லைக் கார்டில் தேய்த்தேன், இன்னும் தீரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அவசர நிதி என்பதெல்லாம் நடக்குமா? (வாசகி, சயான் கோலிவாடா)

நடக்கும். ஆனால் கொஞ்சம் கோபமாகத்தான் பதில் எழுதப் போகிறேன், ஏனென்றால் இதே கடிதம் வேறு வேறு பெயரில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

கொடை திடீரென்று வந்ததா? அடுத்த வருடக் கொடைக்கு இந்த வருடமே வரி பேசி முடித்துவிடுகிறார்கள். பள்ளி ஜூனில் திறக்கும் என்பது குழந்தை பிறந்த அன்றே தெரியும். தீபாவளி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், மச்சினன் மகள் சடங்குக்குச் செய்முறை, எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. தேதி தெரிந்த செலவுக்கு ஆபத்துப் பணத்தில் கை வைக்கக் கூடாது. வைத்தால் உண்மையான ஆபத்து வருகிற நாளில் கார்டுதான் மிஞ்சும். உங்கள் விஷயத்தில் அது ஜூலையிலேயே வந்துவிட்டது. மும்பையில் இருந்துகொண்டு மழைக்காலத்துக்குள் கை காலியாக நுழைவது ரொம்பத் தப்பு. டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் எல்லாம் வருகிற பருவம் அது. அந்த நேரம் பார்த்து வருடா வருடம் உங்கள் கணக்கு துடைத்துக் கிடக்கிறது.

கொடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். ஆனால் ஒரு நோட்டை எடுத்துப் போன கொடைச் செலவை வரிவரியாக எழுதுங்கள்: ரயில் டிக்கெட், கோயில் வரி, எல்லோருக்கும் புதுத்துணி, கிடா, ஊரில் பத்து நாள் கைச்செலவு. நாகர்கோவில் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் விழுந்து கடைசி நேரத்தில் தட்காலுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் கொடுத்ததையும் மறக்காமல் எழுதுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அந்தக் காலை எட்டு மணியைக் கோட்டைவிட்டால் நாலு பேர் குடும்பத்துக்குப் பல ஆயிரம் கூடும். இதோடு பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டி, பன்னிரண்டால் வகுங்கள். 84,000 வந்தால் மாதம் 7,000. அதைத் தனி ஆர்டியாக, மே முதல் வாரத்தில் முதிர்கிற மாதிரிப் போடுங்கள். அதற்கு 'ஊர்' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 7,000 ஒதுக்க முடியவில்லை என்றால் இந்த அளவுக்குக் கொடை கொண்டாட உங்களுக்கு வசதி இல்லை என்று அர்த்தம். சிரமமாகத்தான் இருக்கும், ஆனால் அது ஜனவரியிலேயே தெரிந்துவிட்டால் நல்லது. புதுத்துணியைக் குறைக்கலாம், இரண்டு பேர் மட்டும் போய்வரலாம்.

ஆபத்துப் பணம் வேறு வங்கியில், வேறு கணக்கில். அந்தக் கணக்கை ஜிபே, போன்பேயில் இணைக்காதீர்கள். ஏடிஎம் கார்டு பீரோவில் இருக்கட்டும். வீட்டிலும் மூவாயிரம், நாலாயிரம் சில்லறை நோட்டாக வையுங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊரே முடங்கியபோது நகரத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு, கையில் ஒரு மாதச் செலவு சேரும்வரை கார்டுக்கு மினிமத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டுங்கள். சேர்ந்ததும் முழு மூச்சாகக் கார்டு. இந்த வருடக் கொடைக்கு உங்கள் வீட்டுக்காரர் மட்டும் போகட்டும்.

போனஸ் 3 லட்சம் வந்திருக்கிறது. 40 லட்சம் வீட்டுக்கடன், ஃப்ளோட்டிங் (ஏறி இறங்கும் வட்டி). முன்கூட்டிக் கட்டவா? அவசர நிதி என்று தனியாக எதுவும் இல்லை. (வாசகர், முலுண்ட்)

கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் கேள்வியே வந்திருக்காது. வீட்டுக்கடனில் போட்ட பணம் திரும்பி வராது, ஓவர்டிராஃப்ட் வகைக் கடனாக இருந்தால் ஒழிய. வேலை போனால் 'ஜனவரியில் 3 லட்சம் கட்டினேனே' என்று சொல்லி ஒரு இஎம்ஐயைத் தள்ளிப்போட முடியாது. இஎம்ஐயையும் சேர்த்து நாலு மாதச் செலவை முதலில் ஒதுக்குங்கள், போனஸ் அதற்கே சரியாக இருக்கும். ஃப்ளோட்டிங் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது, அடுத்த வருடமும் கட்டலாம்.

அதற்கு முன், இப்போது உங்கள் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். 2025இல் மட்டும் ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியை) 6.5 சதவீதத்திலிருந்து 5.25க்கு இறக்கியது. உங்கள் கடன் பழைய எம்சிஎல்ஆரிலேயே (வங்கி தானே கணக்கிடும் வட்டி முறையிலேயே) கிடந்தால் அந்தக் குறைப்பு முழுதாக வந்திருக்காது. ரெப்போவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சின்னக் கட்டணம்தான்.

கார்டில் நாலு லட்சம் லிமிட் இருக்கிறது. அதுவே என் அவசர நிதி. தனியாக எதற்கு? (வாசகர், நெருள்)

லிமிட் வங்கியின் பணம். அவர்கள் நினைத்தால் குறைப்பார்கள், 2020 ஊரடங்கில் சில வங்கிகள் குறைக்கவும் செய்தன. சம்பளம் நின்ற மாதத்தில்தான் உங்களுக்கு லிமிட் தேவை, அதே மாதத்தில்தான் வங்கிக்கும் உங்கள் மேல் சந்தேகம் வரும். வாடகைக்காகக் கார்டில் ரொக்கம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி, கட்டணம் தனி. ஒரு மாதச் செலவு கையில். வாலிபர்கள் இதைக் கேட்பதே இல்லை.

மாட்டுங்காவில் ஒரு பத்பேடியில் (கூட்டுறவுக் கடன் சங்கத்தில்) எஃப்டிக்கு ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள். ஆபத்துப் பணத்தை அங்கே வைக்கலாமா? (ஓய்வு பெற்றவர், மாட்டுங்கா)

வேண்டாம் ஐயா. பத்பேடிக்கு டெபாசிட் காப்பீடு கிடையாது. கூட்டுறவு வங்கிக்கு உண்டு, ஆனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம்தான். காப்பீடு இருந்தாலும் பணம் உடனே கைக்கு வராது. 2019இல் பிஎம்சி (பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு) வங்கியில் முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியில் ஆரம்பத்தில் அதுவும் இல்லை. இரண்டும் இந்த ஊர் வங்கிகள், வரிசையில் நின்றவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். இரண்டு பெரிய வங்கிகளில் பிரித்து வையுங்கள்.

கார்டு பாக்கி 90,000க்கு 40,000 கட்டினால் செட்டில் செய்கிறேன் என்று வசூல் ஆள் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார். (வாசகர், வாஷி)

காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்). செட்டில்மென்ட் செய்தால் சிபிலில் 'செட்டில்ட்' என்று நிற்கும், அடுத்து யாரும் எளிதில் கடன் தரமாட்டார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும், அதுவும் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகு.

நகையை வைத்துக் கார்டை அடைக்கலாமா? (வாசகி, அந்தேரி)

வங்கியில் வைப்பதானால் அடைக்கலாம். பத்துச் சதவீதத்துக்கு வாங்கி நாற்பதை முடிப்பது லாபம்தான். அன்றைக்கே கார்டை ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் இரண்டு கடனும் இருக்கும்.

வாடகை குறையும் என்று 6 லட்சம் ஹெவி டெபாசிட் கொடுத்திருக்கிறோம். அவசரத்துக்கு அது உதவும்தானே? (வாசகர், காட்கோபர்)

வீட்டு ஓனர் அதை அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் காலி செய்யும்போது அடுத்து வருகிறவரிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு மாதச் செலவைத் தனியாகச் சேருங்கள். ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, 6 லட்சமும் அதில் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.