வடக்கு காரிடார்ல எடமாமே ஒரு அடியிலயே பூத்துடுச்சு, உரம் போடணுமா?

கேள்வி: அங்கிள், சிங்கப்பூர் ஈசூன்ல 10வது மாடி, எங்க காரிடார் வடக்கு பார்த்தது. நவம்பர் ஆரம்பத்துல ஜப்பான் பாக்கெட் எடமாமே விதை 12 எடுத்து ராத்திரி முழுக்க ஊறவச்சு போட்டேன், 4 தான் முளைச்சுது. ஒரு மாசத்துல பூத்துடுச்சு, செடி ஒரு அடி கூட இல்ல. மொத்தமே ஏழெட்டு காய், அதுல பாதி சப்பை. கோழி எரு பெல்லட் ரெண்டு தடவ போட்டாச்சு, இன்னும் போடணுமா?

பதில்: வேணாம்மா, எருவ மூடி வை. உன் பிரச்சனை மண்ணுல இல்ல, வெளிச்சத்துல.

எடமாமேங்கிறது வேற ஒண்ணுமில்ல, சோயாவ பச்சையா பறிக்கிறோம், அவ்ளோதான். சோயா செடி ராத்திரி எவ்ளோ நீளம்னு கணக்கு பாத்துதான் பூக்கும். ஜப்பான்ல ஹொக்கைடோ பக்கம் ஜூன்ல பகல் 15 மணி நேரத்துக்கு மேல, அதனால செடி நிதானமா வளந்து கிளை விட்டுட்டு அப்புறம் பூக்குது, நம்ம ஊர்ல வருஷம் முழுக்க 12 மணி நேரம்தான், ஜனவரிக்கும் ஜூனுக்கும் பத்து நிமிஷம் கூட வித்தியாசம் வராது. ராத்திரி நீளம், சூடு வேற, செடி அவசரப்பட்டு குட்டியா இருக்கும்போதே பூத்துடுது. எரு கொட்டுனா எலைதான் கருகருன்னு வரும்.

ரெண்டாவது, நீ போட்ட மாசம். மார்ச் கடைசிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் சூரியன் நமக்கு வடக்கால போகும், அப்பதான் உன் காரிடார்ல வெயில் விழும். நவம்பர், டிசம்பர்ல அது தெக்கால போயிடும், மழைக்காலம் வேற, உன் செடி வெயிலையே பாத்திருக்காது. எடமாமேக்கு அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் வேணும், இல்லன்னா காய் வந்தாலும் உள்ள பருப்பு நிக்காது. பாதி சப்பைக்கு முக்கால்வாசி காரணம் இதுதான், மிச்சம் பூக்கும்போது தொட்டி காய விட்டிருப்ப. பச்சை நாவாய்ப்பூச்சி உறிஞ்சினாலும் சப்பை ஆகும், காலையில எலைக்கு அடியில ஒரு தடவ பாரு. பூ கொட்டுதேன்னு மட்டும் பயப்படாத, சோயா பாதிக்கு மேல பூவ தானா உதுத்துடும். தன்னாலயே மகரந்தம் சேந்துக்கும், தேனீ வரலன்னா பரவால்ல.

அடுத்த தடவ ஏப்ரல்ல போடு. செடி குட்டியாத்தான் வரும்னு ஒத்துக்கிட்டு நெருக்கி நடு, ஒரு அடி ஆழ தொட்டியில 10 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தொட்டின்னு தள்ளித் தள்ளி போட்டா தட்டுல வைக்கிற அளவுக்காவது காய் சேரும். எல்இடி லைட் இருந்தா முதல் மூணு வாரம் சாயந்தரம் இருட்டினதும் ஒரு மூணு மணி நேரம் போட்டு விடு, பூக்கிறது தள்ளிப் போகும், அதுக்குள்ள செடி கொஞ்சம் உசரும். கரண்ட் பில் கணக்கு பாத்தா ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல ஃப்ரோசன் பாக்கெட் வாங்குறதே லாபம்தான் லா, ஆனா நீ லாபத்துக்கா வளக்குற?

அப்புறம் ஊறவைக்கிற பழக்கம். நம்ம வீட்ல எந்தப் பயறையும் ஊறவைக்காம விடமாட்டோம், ஆனா சோயா விதை சட்டுன்னு தண்ணி குடிச்சா உள்ளயே வெடிச்சு அழுகிடும், உன் 12ல 8 போனது பெரும்பாலும் அதனாலதான். காஞ்ச விதைய ஈர மண்ணுல ரெண்டு விரக்கடை ஆழத்துல வை, முளைக்கிற வரைக்கும் லேசான ஈரம் போதும். மைனா, புறா முளைய கொத்தும், வலை போடு. தொட்டி அடித்தட்டுல தண்ணி நிக்க விடாத, கொசு வந்தா அபராதம். நடக்க 1.2 மீட்டர் வழியும் விட்டுடு.

பழைய செடிய தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி வேர பாரு. சின்ன சின்ன உருண்டை இருந்து, நகத்தால கிள்ளினா உள்ள ரோஸ் கலரா இருந்தா பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், தழைச்சத்து செடியே எடுத்துக்கும். ஒண்ணுமே இல்லன்னா சோயாவுக்கான ரைசோபியம், அதான் அந்த பாக்டீரியா, பொடி தேடி விதையில பொரட்டி போடு, கடையில வாங்குற பை மண்ணுல அது பொதுவா இருக்காது. பொடி கிடைக்கலன்னா மட்டும் எரு, அதுவும் அளவா.

காய் குண்டாகி பச்சையா இருக்கும்போதே பறிச்சுடு, நாலஞ்சு நாள் தாண்டினா மஞ்சளாகி மாவா போயிடும். பறிச்ச கையோட உப்புத் தண்ணில அஞ்சு நிமிஷம் கொதிக்க வை, அன்னிக்கு இருக்கிற இனிப்பு மறுநாள் இருக்காது. மிச்ச விதைய டப்பால இறுக்கி மூடி ஃப்ரிட்ஜ்ல வை, நம்ம ஊர் புழுக்கத்துல வெளிய வச்சா சில மாசத்துலயே முளைப்பு போயிடும்.