பார்கோடு, ஆதார், 666: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பார்கோடின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் நீண்டு நிற்கும் இரட்டைக் கோடுகள் மூன்றும் சேர்ந்து, வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்தின் எண்ணாகச் சொல்லும் 666 என்று ஒரு சபை ஊழியர் படம் போட்டுக் காட்டினார். உண்மையா?
- ஒரு சகோதரி, மார்த்தாண்டம்

பார்வைக்கு அப்படித் தோன்றும். அளந்து பார்த்தால் நிற்காது. 12 எண் கொண்ட பார்கோடில் ஒவ்வோர் எண்ணுக்கும் 7 அலகு அகலம் உண்டு. வலது பாதியில் வரும் 6 என்பது ஒரு கோடு, ஓர் இடைவெளி, ஒரு கோடு, அதன்பின் 4 அலகு வெற்றிடம். இடது பாதியில் அதே 6 நான்கு அலகு தடித்த கோட்டோடு வரும். ஓரங்களில் உள்ள இரட்டைக் கோடுகளோ 3 அலகில் முடிந்துவிடுகின்றன. நடுவில் உள்ளது 5 அலகு. 12 எண்ணுக்கு 84, காவல் கோடுகள் எனப்படும் அந்த இரட்டைக் கோடுகளுக்கு 3, 5, 3 என்று 11, ஆக மொத்தம் 95. அவையும் எண்களாக இருந்தால் 105 அலகு வந்திருக்க வேண்டும். எங்கே தொடங்குகிறது, ஓர் அலகு எவ்வளவு அகலம் என்று ஸ்கேனருக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை. வடிவமைப்பாளரான ஐபிஎம் பொறியாளர் ஜார்ஜ் லாரரும் 666 கதையை மறுத்தார்.

இன்னொன்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் எழுதியது 'அறுநூற்றறுபத்தாறு' என்ற ஒரே எண். மூன்று ஆறுகளின் வரிசை அல்ல. கிரேக்கத்தில் அதை 600, 60, 6 என்ற மதிப்புடைய மூன்று வெவ்வேறு எழுத்துகளால் எழுதினார்கள். இணைய முகவரியில் வரும் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' எபிரெய எழுத்தில் 666 என்று பரவும் செய்தியும் இங்கேயே விழுந்துவிடும்: டபிள்யூவுக்கு இணையாகச் சொல்லப்படும் எபிரெய வாவ் எழுத்தின் மதிப்பு 6, மூன்று வாவைக் கூட்டினால் 18.

ஆதார் எடுத்தால் மிருகத்தின் முத்திரை வாங்கியதாகுமா? கைரேகை வைத்தால்தானே இன்று கொள்ளவும் விற்கவும் முடிகிறது?
- வாசகர், தூத்துக்குடி

முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்னும் வெளிப்படுத்தின விசேஷம் 13:17-ஐ மட்டும் தனியே எடுத்தால் இந்தப் பயம் வரத்தான் செய்யும். 15-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். மிருகத்தின் சொரூபத்தை வணங்காதவர்கள் கொல்லப்படுவதுதான் அங்கே பேச்சு. 14:9-லும் வணங்குவதையும் முத்திரை தரிப்பதையும் யோவான் சேர்த்தே சொல்கிறார். அதற்குச் சற்று முன்னே, 14:1-ல், ஆட்டுக்குட்டியானவரோடு, அதாவது கிறிஸ்துவோடு, நிற்பவர்களின் நெற்றியிலும் பிதாவின் நாமம் இருக்கிறது. அதை யாரும் சிப் என்று சொல்வதில்லையே! இரண்டுமே யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டும் அடையாளங்கள்.

வேத அறிஞர்கள் பலர் இந்த எண்ணை ரோமப் பேரரசன் நீரோவோடு இணைக்கிறார்கள். 'நேரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666. கடைசி 'ன்' இல்லாமல் எழுதினால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. நம் சபைகள் பலவற்றில் போதிக்கப்படுவதுபோல இது வருங்காலத்துக்குரியது என்று கொண்டாலும், அந்திக்கிறிஸ்து வெளிப்பட்டு, மக்கள் அறிந்தே அவனை வணங்கிய பிறகு பெறுவதுதான் அந்த முத்திரை. ரேஷன் கடையில் விரல் வைப்பவர் யாரையும் வணங்குவதில்லை.

ஆனாலும் மனச்சாட்சி உறுத்தும் ஒருவரை ஏளனம் செய்யாதீர்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வருகைப்பதிவுக்குக் கை ஸ்கேன் வைக்க மறுத்தார். முத்திரை வலது கைக்குத்தான், இடது கையை வைக்கலாம் என்று நிறுவனம் அவருக்கு வேத விளக்கம் சொன்னது! கையில் காயம்பட்ட இரண்டு ஊழியர்களுக்கு மட்டும் விசைப்பலகையில் எண்ணை அழுத்த அனுமதித்திருந்தது. 2015-ல் ஜூரி தொழிலாளி பக்கம் தீர்ப்பளித்தது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தொழிலாளியின் வேத விளக்கம் சரியா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. நம்பிக்கை உண்மையானதா, மாற்றுவழி இருந்ததா என்பதையே பார்த்தது.

உடலில் பொருத்தும் சிப் நம்மைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்குமாமே?
- வாசகர், திருநெல்வேலி

அரிசிமணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. ரீடரைச் சில சென்டிமீட்டர் அருகில் கொண்டுவந்தால்தான் மின்சாரம் பெற்று ஓர் எண்ணைச் சொல்லும். இருக்குமிடத்தைச் சொல்வது உங்கள் பையில் இருக்கும் போன்தான்.

"அறிவும் பெருகிப்போம்" என்ற தானியேல் 12:4 செயற்கை நுண்ணறிவைக் குறிக்கிறதா? அப்படியானால் கிறிஸ்துவின் வருகை எந்த ஆண்டு?
- வாசகர், கோவை

ஆண்டு கேட்காதீர்கள். தானியேலிலிருந்தே கணக்குப் போட்டு 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் ஆதரவாளர்கள் காத்திருந்தார்கள். வயலில் விளைந்ததை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. அந்த நாளை ஒருவனும் அறியான் என்னும் மத்தேயு 24:36 அன்றும் அவர்கள் வேதாகமத்தில்தான் இருந்தது. நீங்கள் கேட்ட தானியேல் 12:4-இன் முன்பாதி, முத்திரையிடப்பட்ட புஸ்தகத்தைப் பற்றியது. பெருகும் அறிவும் அந்தத் தீர்க்கதரிசனத்தைப் பற்றியதென்றே கொள்வது பொருத்தம். ரயில், விமானம், கணினி என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து இயந்திரத்தை அதில் நுழைத்துப் பார்த்திருக்கிறது.

அப்படியானால் கைரேகையைப் பற்றிப் பயமே வேண்டாமா?
- ஒரு சகோதரி, நாகர்கோவில்

திருட்டைப் பற்றிப் பயம் வேண்டும். பத்திரங்களில் உள்ள கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் வங்கிக் கணக்கைச் சுரண்டிய வழக்குகள் உண்டு. மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து நுழைந்து, பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். ஆதாரோடு மொபைல் எண் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடிபி வராது, முதலில் ஆதார் மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். பூட்டியதை மறந்து ரேஷன் கடைக்குப் போனால் கைரேகை ஏற்காது. கிளம்புமுன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். விடுதிக்கோ வேறு இடங்களுக்கோ நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். போதகரின் குரலிலேயே வாட்ஸ்அப்பில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தாலும், அதைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள அவருடைய எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.