இறக்கையில் ஆரஞ்சு, அப்புறம் பச்சை: குளிர்காலத்தில் கனடா போகிறவர்களுக்கு

கருங்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகள் கனடாவில், சாஸ்கடூனில் நர்ஸ். பிரசவம் பார்க்க நானும் வீட்டுக்காரரும் டிசம்பர் கடைசியில் போய் பிப்ரவரியில் திரும்புகிறோம். திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் ஒரு தடவை, டொரண்டோவில் ஒரு தடவை மாற வேண்டும். டொரண்டோவில் போகும்போதும் வரும்போதும் இரண்டு மணி நேரம்தான் இடைவெளி. போன வருடம் மகள் ஏறிய விமானம் கதவடைத்த பிறகும் ஒரு மணி நேரம் கிளம்பவில்லையாம். லாரியில் வந்து இறக்கைமேல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பீய்ச்சினார்களாம், அப்புறம் பச்சையாக இன்னொன்று. அது என்ன? பயப்பட வேண்டியதா? எங்களுக்கு இரண்டு மணி நேரம் போதுமா?"

முதலில் பயத்தை எடுத்துவிடுவோம். உங்கள் மகள் பார்த்தது பழுதுபார்ப்பு இல்லை. குளிர்நாட்டு விமான நிலையங்களில் தினமும் நடக்கிற வேலை.

நம் மொழியில் எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்தான். மார்கழி விடியலில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் தலையில் துண்டு கட்டுவதும் பனிக்கு, கனடாவில் வீட்டு வாசலில் முழங்கால் அளவு குவிந்து கிடப்பதும் பனி. விமானக்காரர்களுக்கு இந்த ஒரு சொல் போதாது. பொழிகிற வெண்பனி, தெளிந்த இரவில் உலோகத்தின்மேல் படிகிற உறைபனி, விழுந்த இடத்திலேயே கண்ணாடி மாதிரி இறுகும் உறைமழை என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் இறக்கையில் வேறு மாதிரி ஒட்டும்.

அதில் கெட்டது எடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எடை பெரிய விஷயமே இல்லை. இறக்கையின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் காற்று அதை ஒட்டி வழுக்கிப் போய் விமானத்தைத் தூக்கும். தச்சர் தேய்க்கிற உப்புத்தாள் இருக்கிறதே, அந்தச் சொரசொரப்புக்கு உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், காற்றின் இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். அதனால்தான் இறக்கை சுத்தமாக இல்லாவிட்டால் புறப்படக் கூடாது என்பது உலகம் முழுவதும் விதி.

சரி, அந்தத் திரவங்கள். இரண்டிலும் கிளைக்கால் இருக்கிறது. கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்டில் இருக்கும் அதே வகைப் பொருள்தான், தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்கிவிடும். ஆரஞ்சு நிறத்தது முதல் வகை. பதநீர் மாதிரி நீர்த்தது. நன்றாகச் சூடாக்கி, பீய்ச்சுகிற இடத்தில் 60 டிகிரிக்குக் குறையாமல், வேகமாக அடிப்பார்கள். சூடும் வேகமும் சேர்ந்து ஒட்டியிருக்கிற பனியைக் கழுவித் தள்ளும். பச்சை நிறத்தது நான்காம் வகை. இது பதநீரைக் காய்ச்சிய பாகு மாதிரி கெட்டி. கழுவி முடித்த இறக்கைமேல் போர்வையாகப் படிந்து, மேலும் விழுகிற பனியைத் தானே கரைத்துக்கொள்ளும். ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்ததும் காற்று அந்தப் பாகை வழித்து எறிந்துவிடும். பறக்கும்போது இறக்கை சுத்தம். ஜன்னலோரத்தில் இருந்தால் பச்சைக் கோடுகள் பின்பக்கம் ஓடுவதைப் பார்க்கலாம், பார்க்க வேண்டிய காட்சி.

உப்பு போட்டால் பனி கரையாதா என்று புத்தளம் உப்பளத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். கரையும், சாலையில் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் குளச்சலில் கடற்கரையோரம் நிறுத்திய பைக்கின் கதி தெரியும் இல்லையா? விமானத்தின் அலுமினியத்தில் உப்பை வாரி இறைக்க எந்தப் பொறியாளரும் விட மாட்டார்.

இனி கால விஷயம். தாமதத்தின் ரகசியம் இதில்தான். பீய்ச்சிய திரவத்துக்கு ஆயுள் உண்டு. கடைசிச் சுற்று பீய்ச்ச ஆரம்பித்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். பனி பொழியும்போது ஆரஞ்சு மட்டும் போட்டிருந்தால் சில நிமிடங்கள்தான் தாங்கும். பச்சை, மிதமான பனிப்பொழிவில், அரை மணியோ அதற்கு மேலோ தாங்கலாம். எந்த வெப்பநிலைக்கு, எந்தப் பொழிவுக்கு எவ்வளவு நேரம் என்று அமெரிக்க, கனடா அரசுத் துறைகள் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அட்டவணை வெளியிடுகின்றன. விமானி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறார். நேரம் தாண்டி, இறக்கை சுத்தம் என்று உறுதி செய்ய முடியாவிட்டால் திரும்பிப் போய் முதலிலிருந்து. பயணிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ஏனென்றால் முன்பு அப்படித் திரும்பவில்லை. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் புளோரிடா விமானம் பனி நீக்கும் திரவம் பீய்ச்சிய பிறகு முக்கால் மணிக்கு மேல் காத்திருந்துவிட்டு, இறக்கையில் பனியோடு கிளம்பி, பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் காரில் போன 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். எஞ்சினின் பனித்தடுப்பையும் அன்று போடவில்லை. 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடனில் நடந்தது எனக்கு இன்னும் உறுத்தும். பெரிய எஞ்சின்களைக் கிளப்பித் தருகிற துணை எஞ்சின் அந்த விமானத்தில் பழுது. பெரிய எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளப்ப அந்த நிலையத்தில் கருவி இல்லை. எஞ்சின் ஓடும்போது திரவம் பீய்ச்சக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. ஆகவே பீய்ச்சாமலே போனார்கள். 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். பயணிகளாக உட்கார்ந்திருந்த வேறு விமானிகள் இருவர் இறக்கையில் பனியைப் பார்த்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். கனடாவின் விதிகள் இறுகியது அந்த விபத்தின் விசாரணைக்குப் பிறகுதான்.

அதனால் ஒன்று சொல்கிறேன் அம்மா. ஓடுபாதைக்குப் போகும்போது இறக்கைமேல் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருப்பது கண்ணில் பட்டால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆங்கிலம் வேண்டாம், "ஸ்நோ" என்று விரலை நீட்டினால் போதும். சிரிக்க மாட்டார்கள், விமானியிடம் சொல்வார்கள்; அவர்களுக்கு அப்படித்தான் பயிற்சி.

பீய்ச்சும்போது புகை உள்ளே வராமலிருக்கக் காற்றோட்டத்தை நிறுத்துவார்கள். கொஞ்சம் புழுங்கும், இனிப்பான பாகு வாடை லேசாக வரலாம். ஜன்னல் முழுக்க வழிந்து வெளியே எதுவும் தெரியாது. எழுந்து நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது இரண்டு மணி நேரம். போகும்போது நீங்கள் வளைகுடாவில் ஏறுகிறீர்கள், அங்கே இந்தத் தொல்லை இல்லை. டொரண்டோவில் உங்கள் நேரத்தைத் தின்னப்போவது குடியேற்ற வரிசையும், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பதும்தான். சாஸ்கடூன் விமானத்துக்கு அங்கே பனி நீக்கினால் நீங்கள் ஏற்கனவே உள்ளே இருப்பீர்கள், காத்திருப்பது மருமகன்தான். சிக்கல் திரும்பும்போது. சாஸ்கடூனில் மைனஸ் 30 வரை இறங்குவது புதுமையில்லை. காலை முதல் விமானம் என்றால் இரவெல்லாம் வெளியே நின்று உறைபனி பூத்திருக்கும், கழுவாமல் எடுக்க முடியாது. அந்தத் தாமதம் நேராக டொரண்டோ இடைவெளியில் கை வைக்கும். போகும்போதும் வரும்போதும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். டிராவல்ஸ்காரர் "எல்லாரும் இதில்தான் போகிறார்கள்" என்பார். கேட்காதீர்கள்.

அதைவிட முக்கியம், மூன்று விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். இருந்தால் இணைப்பு தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் உங்கள் பொறுப்பு. வானிலைத் தாமதத்துக்குக் கனடாவில் பண இழப்பீடு எதிர்பார்க்க வேண்டாம்.

மாத்திரைகளை, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். மூன்று நாளுக்குக் கூடுதலாக. ஸ்வெட்டர், காலுறை, தொப்பியும் கையிலேயே இருக்கட்டும். பிள்ளைப்பேற்றுக்கு வாங்கிய தேங்காய் எண்ணெயைப் பெரிய பெட்டியில் கட்டுங்கள். நம் வீட்டிலேயே மார்கழியில் உறைகிற எண்ணெய், போய்ச் சேரும்போது கல்லாகத்தான் இருக்கும்; ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் இளகிவிடும்.