கேளுங்க அண்ணாச்சி: பைண்ட் ஆயிட்டு, ஆளைக் காணலியே!

கேள்வி: அண்ணாச்சி, சி மொழியில ஒரு சர்வர் எழுதியிருக்கேன். போர்ட் (வாசல் நம்பர்) 8080. விலாசம் கட்டற பைண்ட் 0 தருது, அதாவது வெற்றி; கிளையண்டுக்காகக் காத்திருக்கச் சொல்ற லிசனும் தப்பு சொல்லல. ஆனா கிளையண்டை ஓட்டினா "கனெக்ஷன் ரெஃபியூஸ்டு"ன்னு வருது. நிரலை இதோட வச்சிருக்கேன். – கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, பைண்ட் மேல குத்தமே இல்ல. நீ எழுதிக் கொடுத்த விலாசத்தை அப்படியே சாக்கெட்டுல, அதான் உன் நிரல் நெட்வொர்க்கோட பேசற முனையில, கட்டிருக்கு. நீ எழுதினதுதான் வேற விலாசம்.

விலாசத்துல போர்ட் நம்பர் வைக்கற இடமான சின்-போர்ட்ல 8080-ஐ நேரடியா போட்டிருக்கே பாரு, அங்கதான் கோளாறு. 8080-ஐ ரெண்டு பைட்டா பிரிச்சா 31, 144 (31 × 256 + 144). நெட்வொர்க் வழக்கப்படி பெரிய பைட், அதாவது 256-ஆல பெருக்கற 31, முன்னால வரணும். உன் இன்டெல் லேப்டாப்போ சின்ன பைட்டான 144-ஐ முன்னால வைக்கும். கெர்னல் அதை 144, 31-ன்னு வாசிச்சு, உன் சர்வரை 36895-ல உக்கார வச்சிட்டு. சர்வர் ஓடும்போதே இன்னொரு டெர்மினல்ல, காத்திருக்கற போர்ட்டையெல்லாம் காட்டற 'எஸ்எஸ் -எல்டிஎன்' கட்டளையை அடிச்சுப் பாரு, அந்த நம்பர் பல்லைக் காட்டிட்டு நிக்கும். 8080-ஐ, நம்பரை நெட்வொர்க் வரிசைக்கு மாத்தித் தர்ற எச்டிஓஎன்எஸ்-க்குள்ள கொடுத்து வாங்கி சின்-போர்ட்ல போடு, சரியாயிரும்.

உன் கிளையண்ட்ல எச்டிஓஎன்எஸ் ஒழுங்கா இருக்கறதாலதான் நீ மாட்டினே. நான் மாட்டாம ஆறு மாசம் திரிஞ்சேன்! மெட்ராஸ்ல வேலைக்குச் சேந்த புதுசு. சர்வர், கிளையண்ட் ரெண்டுலயும் எச்டிஓஎன்எஸ் போடல. ரெண்டும் இன்டெல் மெஷின், ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு. அப்புறம் ஸ்பார்க் மெஷின் ஒண்ணு வந்துச்சு. அதுல பெரிய பைட்தான் முன்னால. அங்க ஓடின கிளையண்ட் நெசமான 8080-ஐத் தேடிப் போச்சு, அங்க யாரு இருக்கா? ஆனித் தேருக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டு வச்சிருந்தேன். இந்தக் கோளாறைத் தேடி முடிச்சு, நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்ததுக்கு அப்புறந்தான் நான் டவுனுக்கு வந்தேன். அம்மா ஒரு வாரம் பேசல.

இதைச் சரி பண்ணினதும் அடுத்து ஒண்ணு வரும், இப்பவே சொல்லிருதேன். கிளையண்ட் பேசிட்டிருக்கும்போதே சர்வரை நிறுத்திட்டு உடனே மறுபடி ஓட்டினா, பைண்ட் -1 தந்து "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்"ன்னு திட்டும். முதல்ல மூடின பக்கம் லினக்ஸ்ல 60 நொடி டைம்-வெயிட்ங்கிற காத்திருப்பு நிலையில கிடக்கும். காலி பண்ணிட்டுப் போனவருக்கு வர்ற தபால் புதுசாக் குடிவந்தவர் கையில சேந்திரக் கூடாதுல்லா, அதுக்காகத்தான். சாக்கெட்டுக்கு ஆப்ஷன் வைக்கற செட்சாக்ஆப்ட் வழியா, அதே விலாசத்தை மறுபடி எடுக்க விடற ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனைப் போட்டிரு. சாக்கெட்டை உண்டாக்கினதுக்கு அப்புறம், பைண்டுக்கு முன்னால. பின்னால போட்டுட்டு "வேலை செய்யலியே"ன்னு எனக்குக் கடுதாசி போடாதே.

இன்னொண்ணு: 127.0.0.1-ல பைண்ட் பண்ணிருக்கே. அது வீட்டுக்குள்ள அறைக்கு அறை போற உள்கதவு. பக்கத்து லேப்டாப்காரன் அது வழியா வர முடியாது. அவனும் வரணும்னா, 'எந்த விலாசமானாலும் சரி'ன்னு சொல்ற ஐஎன்-அட்ரஸ்-எனி போடு, தெருக்கதவு, கொல்லைக்கதவு எல்லாம் திறந்துக்கும். அதுக்கு மட்டும் எச்டிஓஎன்எல் (எச்டிஓஎன்எஸ் மாதிரியே, நாலு பைட்டுக்கு) மறந்தாலும் தப்பிச்சிருவே; அதோட மதிப்பு பூஜ்யம், பூஜ்யத்தைத் திருப்பிப் போட்டாலும் பூஜ்யந்தான.

மாத்திட்டு, எஸ்எஸ் இப்ப என்ன நம்பர் காட்டுதுன்னு எழுதிப் போடு.